வண்டலும் கண்டலும்

விடுமுறைக்கு ஊர் திரும்பும் நம் மாணவர்களுள் பலர் ஹௌராவின் ஷாலிமார் நிலையத்தில் கோரமண்டல் விரைவு வண்டியில் ஏறுகின்றனர். அவ்வண்டி கட்டாக்கில் மகாநதியையும், ராஜமுந்திரியில் கோதாவரியையும், விஜயவாடாவில் கிருஷ்ணையையும் தாண்டிச் சென்னையை அடைகிறது. அங்கிருந்து தஞ்சைக்கும் நாகைக்கும் செல்வோர் காவிரியையும் கண்டுவிடுகின்றனர். புறப்படும் இடமோ கங்கை கடலோடு கலக்கும் நாடு. ஆகவே ஒரே பயணத்தில் ஐந்து பேராறுகளின் கழிமுக நாடுகளை நாம் கடந்து செல்கிறோம்.

இந்த ஐந்து நாடுகளுக்கும் பொதுவான இயல்புகள் சில உண்டு. நெல் விளையும், மக்கள் நெருங்கி வாழ்வர், சித்திரை வைகாசியிலும் ஐப்பசி கார்த்திகையிலும் வங்கக் கடற்புயல் வந்து மோதும். கடலோரப் பகுதிகள் பல, கடல் மட்டத்தினின்றும் ஓரிரு மீட்டரே உயர்ந்தவை. உலகம் வெப்பமுற்றுக் கடல் உயர்ந்துவரும் இக்காலத்தில் இந்நிலங்களைக் காப்பது எப்படி? சுவர் எழுப்புவதா, காடு வளர்ப்பதா என்று வாதிடுவோர் பலர். அந்த வாதத்துக்கு முன்னதாகக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டென்பதே இக்கட்டுரையின் கருத்து. அக்கேள்வி மண்ணைப் பற்றியது. அதனைக் கங்கைக் கழிமுகத்தின் வரலாற்றைக்கொண்டு ஆராய்வோம்.

நிலம் பிறந்த வகை

கழிமுக நிலம் ஆறு கொண்டுவந்து போட்ட மண். கங்கையும் பிரமபுத்திராவும் ஆண்டுதோறும் ஏறத்தாழ நூறு கோடி டன் வண்டலைச் சுமந்து வருகின்றன. மலைச்சரிவில் விரைந்தோடும் நீர், சமவெளியில் வேகம் குறைகிறது. கடலருகே வந்ததும் ஏற்றநீர் எதிர்த்துத் தள்ள, தன் சுமையை இறக்கிவிடுகிறது. இவ்வாறு பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்த வண்டலே இன்றைய வங்காளத்தின் தென்பகுதி.

ஆனால் வண்டல் பாறையைப் போல உறுதியானதன்று. புதிதாகப் படிந்த சேற்றில் நீர் மிகுதி. மேலே மேலே சுமை ஏறும்பொழுது அந்நீர் பிழியப்பட்டு வெளியேற, மண் அமுங்குகிறது. ஆகவே கழிமுக நிலம் எப்பொழுதும் சிறிது சிறிதாகத் தாழ்ந்துகொண்டே இருக்கும். அப்படியானால் அது ஏன் எப்போதோ கடலில் மூழ்கிவிடவில்லை? ஒவ்வொரு வெள்ளமும், ஒவ்வோர் ஏற்றமும் அதன்மேல் புதிய வண்டலைப் போர்த்தி வந்தமையால்தான். அமுங்குவது ஒரு பக்கம், படிவது ஒரு பக்கம். குடும்பத்தின் வரவு செலவைப் போல, இவ்விரண்டும் ஒத்திருக்கும்வரை நிலம் நிலைத்திருக்கும்.

கடல் இப்பொழுது இந்தக் கணக்கின் செலவுப் பக்கத்தில் மேலும் ஒரு தொகையைச் சேர்க்கிறது. நீர் சூடேறினால் விரியும். பனிப்பாறைகள் உருகினால் கடலில் நீர் கூடும். 1901-க்கும் 2018-க்கும் இடையே உலகக் கடல்களின் சராசரி மட்டம் 20 செ.மீ. உயர்ந்தது. 1901 முதல் 1971 வரை ஆண்டுக்கு 1.3 மி.மீ. வீதம் உயர்ந்த கடல், 2006 முதல் 2018 வரை ஆண்டுக்கு 3.7 மி.மீ. வீதம் உயர்ந்தது. அளவு சிறிதாகத் தோன்றலாம். வேகம் ஏறக்குறைய மூன்று மடங்காயிற்று என்பதே கவனிக்கத் தக்கது.

கரை கட்டிய கதை

இன்றைய வங்காள தேசம் கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த 1960-களில், அதன் கடலோரத் தீவுகளைச் சுற்றி மண்கரைகள் எழுப்பப்பட்டன. ஒல்லாந்து நாட்டு முறையைப் பின்பற்றிக் கட்டப்பட்டமையால், கரை சூழ்ந்த அத்தீவுகளைப் 'போல்டர்' என்றே அழைத்தனர். நோக்கம் நல்லது. உப்புநீர் வயலுக்குள் வராமல் தடுத்தால் நெல் விளையும். மக்கள் பசி தீரும். அவ்வாறே முதலில் விளைச்சலும் பெருகியது.

ஆனால் கரை, உப்புநீரை மட்டும் தடுக்கவில்லை. அந்நீர் சுமந்து வந்த வண்டலையும் தடுத்தது. கரைக்கு உள்ளே மண் வரவு நின்றது, அமுங்குதலோ நிற்கவில்லை. கரைக்கு வெளியே, பரந்து இறங்க இடமில்லாத வண்டல் ஆற்றுப் படுகையிலேயே தங்கி ஆற்றை மேடாக்கியது. ஆறு உயர, வயல் தாழ, மழைநீர் வடிய வழியின்றிப் பல இடங்களில் வயல்கள் நிலையான குளங்களாயின.

குல்னா மாவட்டத்தில் சுந்தரவனக் காட்டை ஒட்டியுள்ள 32-ஆம் எண் போல்டரை விஞ்ஞானிகள் அளந்து 2015-ஆம் ஆண்டில் ஒரு முடிவை வெளியிட்டனர். கரை சூழ்ந்த தீவின் தரைமட்டம், ஆற்றுக்கு அப்பால் கரையின்றிக் கிடந்த காட்டின் தரைமட்டத்தைவிட 1 முதல் 1.5 மீட்டர் வரை தாழ்ந்துபோயிருந்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் நேர்ந்த மாறுதல் இது. அதே காலத்தில் உலகக் கடலின் பொது மட்டம் உயர்ந்தது விரற்கடைக் கணக்கு. இத்தீவு இழந்த உயரமோ முழக்கணக்கு! வண்டல் நின்றமை, மண் அமுங்கியமை, காடு வெட்டப்பட்டமை, ஆறுகளில் ஏற்ற இறக்கத்தின் வீச்சு பெருகியமை ஆகியவற்றை இதற்குக் காரணங்களாக அவர்கள் காட்டினர்.

2009-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் 'அய்லா' புயல் அத்தீவின் கரையை உடைத்தது. உடைப்புகளை அடைக்க ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. அதுவரை நாளுக்கு இருமுறை ஏற்றநீர் வயல்களில் புகுந்து திரும்பியது. வீடிழந்த குடும்பங்கள் எஞ்சிய கரைமேல் குடிசை கட்டி வாழ்ந்தன. அவர்கள் பட்ட துன்பத்தை அளக்கக் கருவி இல்லை. ஆனால் நீர் வடிந்த பின்னர் வயல்களில் படிந்திருந்த வண்டலை அளக்க முடிந்தது: சராசரி 37 செ.மீ.! ஐம்பது ஆண்டுகளாகத் தடுக்கப்பட்டிருந்த வரவில் ஒரு பகுதியை ஆறு இரண்டே ஆண்டுகளில் திருப்பித் தந்துவிட்டது.

இந்தச் செய்தியில் அச்சமும் உண்டு; நம்பிக்கையும் உண்டு. கரை கட்டிக் காத்த நிலம் கரையாலேயே தாழ்ந்தது என்பது அச்சம். வழி விட்டால் ஆறு இன்னும் நிலத்தை உயர்த்தும் என்பது நம்பிக்கை.

கண்டற்காட்டின் தொழில்

இனிக் காட்டைப் பார்ப்போம். கடலும் ஆறும் கலக்கும் உவர்ச்சேற்றில் வளரும் மரக்கூட்டத்தை நாம் அலையாத்திக் காடு என்கிறோம். அலையை ஆற்றுவது என்று அதன் தொழிலைப் பெயரிலேயே வைத்தனர். கண்டல், சுரபுன்னை, தில்லை ஆகியவை இக்காட்டு மரங்கள். கழி சூழ்ந்த ஊருக்குக் கண்டல் மரங்கள் வேலியாக நின்றதை நற்றிணையின் நெய்தற் பாடல்கள் சொல்கின்றன. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்ததும் இக்காட்டு மரமே.

சுரபுன்னை தன் உடலினின்றும் பல கால்களைச் சேற்றில் ஊன்றி நிற்கும். வெண்கண்டலோ மூச்சு விடுவதற்காகத் தன் வேர்களைச் சேற்றுக்கு மேலே முளைகள் போல நீட்டியிருக்கும். இந்த வேர்க்கூட்டத்தினிடையே புகும் நீர் வேகம் இழக்கிறது; வேகம் இழந்த நீர் வண்டலை இறக்குகிறது. அந்த வண்டலோடு மடிந்த வேரும் உதிர்ந்த இலையும் சேர, காட்டின் தரை மெல்ல மெல்ல உயர்கிறது. கற்சுவர் எழுப்பிய நாள் முதல் தேய்கிறது. கடல் உயர்ந்தால் அதுவும் தானே உயர்வதில்லை. கண்டற்காடோ, வண்டல் கிடைக்குமாயின், கடலோடு போட்டியிட்டு உயரவல்லது.

ஆயினும் அந்த ஆற்றலுக்கும் எல்லை உண்டு. பழங்காலச் சேற்றுப் படிவங்களை ஆராய்ந்து 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கடலின் உயர்வு ஆண்டுக்கு 6, 7 மி.மீ.-ஐத் தாண்டினால் இக்காடுகள் ஈடுகொடுப்பது அரிது என்று கண்டது. காட்டை வளர்ப்பது புகையைக் குறைப்பதற்கு மாற்றாகாது என்பதற்கு இதுவே சான்று.

காடு எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பதையும் நாம் அளவோடு அறியவேண்டும். காற்றால் எழும் அலையின் உயரத்தை நூறு மீட்டர் அகலக் கண்டற்காடு 13 முதல் 66 விழுக்காடு வரை குறைக்கும் என ஆய்வுகள் காட்டுகின்றன. புயலின்போது கடலே பொங்கி நிலத்தில் ஏறுவது வேறு. அந்தப் பொங்குநீரின் உயரத்தை ஒரு கிலோமீட்டர் அகலக் காடு 5 முதல் 50 செ.மீ. வரைதான் குறைக்கிறது. ஐந்து மீட்டர் பொங்கி வரும் நீருக்கு முன்னால், ஒரு கிலோமீட்டர் காடு அரை மீட்டரைக் குறைத்தால் பெரிது. ஆகவே கரையோரத்தில் இரண்டு வரிசை கன்று நட்டுவிட்டுப் புயலுக்கு அஞ்சவேண்டுவதில்லை என்று மக்களுக்குச் சொல்வது கொடுமை.

1999-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயல் இதற்கு நல்ல உரைகல். ஏறத்தாழப் பதினாயிரம் பேர் மாண்டனர். கேந்திரபாரா மாவட்டத்தில் பல நூறு கிராமங்களின் கணக்கை எடுத்து சௌதாமினி தாஸ், ஜெஃப்ரி வின்சென்ட் ஆகிய இருவரும் ஆராய்ந்து 2009-இல் தம் முடிவை வெளியிட்டனர். ஊருக்கும் கடலுக்கும் இடையே கண்டற்காடு அகலமாக இருந்த கிராமங்களில் இறப்பு குறைவாகவே இருந்தது. அதே ஆய்வு மற்றோர் உண்மையையும் மறைக்காமல் சொன்னது: காடு காத்த உயிர்களைவிட, அரசு விடுத்த முன்னெச்சரிக்கை காத்த உயிர்கள் மிகுதி. ஒடிசா அப்பாடத்தை மறக்கவில்லை. 2013-இல் 'பைலின்' புயல் வந்தபொழுது ஏறக்குறையப் பத்து இலட்சம் மக்கள் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இறந்தோர் நூற்றுக்கும் குறைவு. காடும் வேண்டும், எச்சரிக்கையும் வேண்டும், ஓடி ஏறிக்கொள்ள உயர்ந்த கட்டடமும் வேண்டும் என்பதே இதனால் பெறப்படும் முடிவு.

நட்டால் மட்டும் போதுமா?

'ஆம் பூம் புயல் போயிற்று. கோடிக் கன்றுகள் நடுவோம்' என்று புறப்படுவது இக்காலத்து வழக்கம். 2020-இல் 'அம்பன்' புயல் சுந்தரவனத்தைச் சிதைத்த பின்னர், ஐந்து கோடிக் கண்டற்கன்றுகள் நடப்படும் என மேற்கு வங்க அரசு அறிவித்தது. நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. ஆனால் நடுதல் வேறு, வளர்தல் வேறு. பிலிப்பைன்ஸ் நாட்டில் பல ஆண்டுகள் பெரும்பொருள் செலவிட்டு நட்ட கன்றுகளுள் பிழைத்தவை பொதுவாக 10 முதல் 20 விழுக்காடே என்று 2008-இல் வெளியான ஆய்வு கூறியது. முதன்மைக் காரணம், தவறான இடத்தில் தவறான மரத்தை நட்டமையே. ஏற்றநீர் எத்துணை நேரம் நிற்கும், எவ்வளவு ஆழம் நிற்கும் என்பதைக் கண்டற்கன்று நம்மைவிட நன்றாக அறியும். பிடிக்காத இடத்தில் அது வாழ மறுக்கும்.

இதற்கு மாறான பாடம் நம் பிச்சாவரத்தில் கிடைக்கிறது. அங்கே ஆங்கிலேயர் காலந்தொட்டு 1970-கள் வரை காட்டைப் பகுதி பகுதியாக முற்றும் வெட்டி எடுத்தனர். நிழல் போன சேற்றைச் சூரியன் காய்ச்ச, ஈரம் வற்றி மண் அமுங்கித் தொட்டிபோலாயிற்று. ஏறிய உப்புநீர் வடியாமல் அதிலேயே தங்கி ஆவியாக, உப்பு மேலும் மேலும் ஏறியது. அம்மண்ணில் கண்டலும் முளைக்கவில்லை. மக்கள் மாடு மேய்த்ததாலும் விறகு வெட்டியதாலும்தான் காடு அழிந்தது என்று நெடுநாள் பழி சொல்லப்பட்டது. 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிலையத்தார் நோயின் மூலத்தைக் கண்டனர். அவர்களும் வனத்துறையினரும் ஊர்மக்களும் சேர்ந்து, மீனின் முள்ளைப்போல நடுவில் ஒரு வாய்க்காலும் இருபுறமும் கிளை வாய்க்கால்களுமாக வெட்டினர். ஏற்றநீர் உள்ளே வந்து, இறக்கத்தில் உப்பைக் கழுவிக்கொண்டு வெளியேறியது. அதன் பின்னரே கன்று நட்டனர், காடு மீண்டது. மண்வெட்டி முதலில், கன்று பிறகு!

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையின்போது பிச்சாவரம் காட்டுக்குப் பின்னாலிருந்த ஊர்களைக் காடே காத்தது என்று பலரும் எழுதினர். காடு மட்டுமன்று, அவ்வூர்கள் மேட்டிலும் கடலுக்குத் தொலைவிலும் இருந்தமையே பெருங்காரணம் என்று மறுத்தவர்களும் உண்டு. இரு கட்சியையும் கேட்டு அறிவதே மாணவர்க்கு அழகு. காட்டுக்கு இல்லாத பெருமையை ஏற்றிச் சொன்னால், உள்ள பெருமையையும் உலகம் நம்பாது.

ஆற்றை உள்ளே விடுதல்

மீண்டும் வங்காள தேசத்துக்கு வருவோம். நீர் வடியாத தாழ்நிலத்தை வங்காளத்தில் 'பீல்' என்பர். குல்னாவுக்கு அருகிலுள்ள டாகாத்தியா பீலில் வயல்கள் ஆண்டுக்கணக்கில் நீரில் மூழ்கிக் கிடந்தன. 1990-இல் அங்குள்ள குடியானவர்கள் தாங்களே கரையை வெட்டி ஆற்றை உள்ளே விட்டனர். 1997-இல் பாயினா பீலிலும் அவ்வாறே செய்தனர். ஏற்றத்தில் சேற்றுநீர் உள்ளே புகுந்து வண்டலை இறக்கியது. இறக்கத்தில் தெளிந்து விரைந்தோடிய நீர், மேடான ஆற்றுப் படுகையை அரித்து ஆழமாக்கியது. ஒரே செயலால் வயல் உயர்ந்தது, ஆறும் தாழ்ந்தது! பிற்காலத்தில் பொறியியலாரும் இம்முறையை ஏற்று, ஒரு பீலைச் சில ஆண்டுகள் திறந்து வைத்துப் பின் மூடி, மற்றொன்றைத் திறக்கும் திட்டமாக அமைத்தனர்.

இதிலும் குறைகள் உண்டு. வெட்டிய வாயருகே வண்டல் மிகுதியாகப் படியும். தொலைவில் சொற்பமே படியும். அதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு. ஆறு உள்ளே இருக்கும் ஆண்டுகளில் அவ்வயலில் நெல் இல்லை. அந்தக் காலத்தில் அக்குடும்பம் எதை உண்ணும்? நிலத்துக்குப் பட்டா வைத்திருப்பவருக்கு இழப்பீடு கிடைக்கலாம். அந்நிலத்தைக் குத்தகைக்கு உழுபவருக்கும், நாற்று நடும் கூலிப் பெண்ணுக்கும் யார் தருவார்? இழப்பீடு குறித்த மனக்குறையாலும் எதிர்ப்பாலும் சில பீல்களில் திட்டம் தடைப்பட்டது. பத்து ஊர்களின் வடிகாலுக்காக ஓர் ஊர் தன் வயலை நீருக்குக் கொடுக்கிறது. அத்தியாகத்தின் விலையைப் பத்து ஊர்களும் பங்கிட்டுக்கொள்ளாவிடில், இயற்கைவழி என்ற அழகிய பெயரால் ஏழையின் வயிற்றில் அடித்ததாகவே முடியும்.

நமது சுந்தரவனத்திலும் இதே சிக்கல் உருவாகிவருகிறது. மேற்கு வங்கப் பகுதியில் மக்கள் வாழும் தீவுகள் 54. அவற்றைச் சுற்றியுள்ள கரைகளின் நீளம் ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். இவற்றை இன்றே உடைத்துவிடச் சொல்வது அறிவுடைமை ஆகாது. அக்கரைகளின் பின்னால் பல இலட்சம் மக்கள் உறங்குகின்றனர். ஆனால் இடம் உள்ளவிடத்துக் கரையைச் சற்றே உள்ளே தள்ளிக் கட்டி, முன்னால் விடும் நிலத்தில் வண்டல் படியவும் கண்டல் வளரவும் வழி செய்யலாம். காடு அலையை ஆற்றினால் பின்னால் நிற்கும் மண்கரை நெடுநாள் நிற்கும். அவ்விடத்தில் சுவரும் காடும் பகையாகமாட்டா.

நாம் கேட்கவேண்டியவை

கடலோரத்தைக் காக்க எந்தத் திட்டம் வந்தாலும் மாணவராகிய நாம் நான்கு கேள்விகளைக் கேட்கப் பழகவேண்டும். இந்நிலத்துக்கு மண் எங்கிருந்து வருகிறது? அதன் வழியை அடைத்திருப்பது எது? ஏற்றநீர் வந்து திரும்ப வழி உண்டா? திட்டத்தால் இழப்போர் யார், அவர்களுக்கு ஈடு செய்வோர் யார்? இந்நான்குக்கும் விடை கூறாத திட்டம், கல்லால் ஆனதாயினும் கன்றால் ஆனதாயினும், நெடுநாள் நில்லாது.

முதற் கேள்வி நம்மைக் கடற்கரையினின்றும் வெகுதூரம் அழைத்துச் செல்லும். மகாநதியின் ஹிராகுட், கிருஷ்ணையின் நாகார்ஜுனசாகர், காவிரியின் மேட்டூர் ஆகிய அணைகள் நீரோடு வண்டலையும் தேக்கிவைக்கின்றன. அவை நமக்குச் சோறும் விளக்கும் தருவன, அவற்றைப் பழிப்பதற்கில்லை. எனினும், அணையில் தங்கும் ஒவ்வொரு கூடை மண்ணும் கழிமுகத்துக்குச் சேரவேண்டிய கூடை என்பதை நாம் மறத்தலாகாது. கடற்கரையின் நோய்க்குக் காரணம் சில நூறு கல் தொலைவில் மலையடிவாரத்தில் இருக்கலாம்.

அடுத்த விடுமுறையில் வண்டி கோதாவரிப் பாலத்தின்மேல் தடதடவென்று செல்லும்பொழுது, பலகணி ஓரத்தில் அமர்ந்திருப்போர் சற்றே எட்டி ஆற்றைப் பாருங்கள். மழைக்காலமாயின் நீர் சிவந்து கலங்கி ஓடும். அதனை அழுக்கென்று எண்ணி முகம் சுளிக்கவேண்டா. தாழ்ந்துவரும் ஒரு நாட்டை உயர்த்துவதற்காகச் சென்றுகொண்டிருக்கும் மண் அது.